இன்னைக்கு இது போதும்

மெதுவாப் பேசுங்க மேடம், அவ இப்பத்தான் கண்ணசந்தா. இப்படி சமையலறைக்கே வந்துடுங்க. அந்த ஸ்டூல் கொஞ்சம் ஆடும், ஆனா விழாது.

நீங்க கேக்கறது நியாயம்தான். பக்கவாதம் வந்து இத்தனை மாசம் ஆச்சு, உங்க சம்சாரம் இன்னும் கட்டில் ஓரத்துலயே உக்காந்திருக்காங்களேன்னு. உங்களுக்கு முன்னாடி வந்தாரே பிசியோ சார், அவரு ஒண்ணு சொன்னாரு. பெருசா ஆசைப்படாதீங்க, தினமும் செய்யற வேலையோட சின்னதா ஒண்ணைச் சேத்துக்கங்க, அதுவே பழகிடும்னாரு. அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். காலையில நான் பால் வெச்சதும் அவ கால் விரலை மடக்கி நீட்டணும். பால் பொங்கினா நிறுத்திடலாம். தலை சீவும்போது ரெண்டு காலையும் தரையில ஊணணும். நான்தான் சீவி விடறேன். சிரிக்காதீங்க, நான் போட்ட மொதல் பின்னலைப் பாத்துட்டு அவ கண்ணாடியைக் கவுத்து வெச்சுட்டா.

எனக்கும் அதே வைத்தியம்தான் மேடம். கல்யாணமானதுலேருந்து அடுப்பு பத்த வெச்சவனில்ல நான். குடிச்ச டம்ளரை அங்கேயே வெச்சுட்டு எந்திரிச்சுப் போறவன். அவ ஏதாவது பேசினா பேப்பரைக்கூட மடிக்க மாட்டேன். இப்ப அந்த டம்ளரைக் கழுவறதுல ஆரம்பிச்சு, முழுச் சமையலும் நானே.

ஆமா, கால்ல பலம் இருக்கு. போன தடவை தொட்டுப் பாத்ததுமே கண்டுபிடிச்சிருப்பீங்க.

போன வாரம் துணி காயப்போட்டுட்டு உள்ள வரேன், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. தானாவே எந்திரிச்சிருக்கா. ஒரு அடி வெச்சா, அப்புறம் இன்னொண்ணு. முகமெல்லாம் சிரிப்பு. எந்தப் புருஷனா இருந்தாலும் கை தட்டியிருப்பான். நான் ஓடிப்போய் அவ முட்டிக்குப் பின்னாடி நாற்காலியைத் தள்ளினேன். இன்னைக்கு இது போதும், அவசரப்படாதேன்னேன். மறுநாளும் அதையேதான் செஞ்சேன். என்னை ஒரு பார்வை பாத்தா மேடம். அதுக்கப்புறம் அவ எந்திரிக்கவே இல்ல.

இப்படியே விட்டா கால் இறுகிப் போயிடும், தெரியும். தெரிஞ்சேதான் பண்றேன். அவளுக்குச் சோறு ஊட்டும்போது அவ முகத்தைப் பாக்க முடியல, அவ்வளவு வெக்கமா இருக்கு.

விழுந்துடுவான்னு பயமா? அதெல்லாம் இல்ல. பக்கவாதம் வந்த அன்னைக்கு அவ மயங்கி விழுந்தது வாசப்படியிலதான். கையில பெட்டி இருந்துச்சு. ரெண்டு நாள் இருந்துட்டு வரதுக்கில்ல, ஒரேயடியா தங்கச்சி வீட்டுக்குக் கெளம்பிட்டா. ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் நான்தான் அந்தப் பெட்டியைப் பிரிச்சு, துணியெல்லாம் மறுபடி அலமாரில அடுக்கினேன். அவளும் கேக்கல, நானும் வாயைத் தொறக்கல.

சத்தம் கேக்குது, முழிச்சுட்டா போல. நீங்க மட்டும் போங்க மேடம், நான் வரல. நான் பக்கத்துல இருந்தா பிடிச்சு உக்கார வெச்சுடுவேன்.