ஜெனீவாவுக்குப் போன கல்யாணப் பத்திரிகை

—இந்தப் பத்திரிகை எப்படிக்கா ஜெனீவாவுக்குப் போச்சு?

—எந்தப் பத்திரிகை, வக்கீலம்மா?

—உங்க மக முத்துலட்சுமி கல்யாணப் பத்திரிகைதான். ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்காங்க. மூலையில தடவின மஞ்சள்கூடக் கறுப்பா விழுந்திருக்கு, பாருங்க.

—எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க. நான் திராட்சைக் கொத்துல அழுகலப் பொறுக்கிக்கிட்டே கேக்கேன், தப்பா நெனைக்காதீக. மேஸ்திரி அந்தக் கடைசிப் பந்தல்லதேன் நிக்காரு. இன்னைக்குச் சாயங்காலம் லாரி வந்துரும்.

—"தெய்வத்திரு மலைச்சாமி அவர்களின் மகள்"னு போட்டிருக்கு. தெய்வத்திருன்னா செத்தவர். அவர் எங்கேன்னு ஐ.நா. சபை கேட்ட கேள்விக்கு நம்ம அரசாங்கம் இதைத்தான் பதிலா அனுப்பியிருக்கு. செத்துட்டாருன்னு குடும்பமே ஒத்துக்கிட்டிருக்கு, அச்சடிச்சு ஊரெல்லாம் குடுத்திருக்கு, இனி நாங்க யாரைத் தேடன்னு எழுதியிருக்காங்க.

—அது மாப்பிள்ளை வீட்டாக போடச் சொன்னது. நான் என்ன செய்ய? பொண்ணுக்கு அப்பன் உசுரோட இருந்தா மணவறையில வந்து நிக்கணும், தாரை வாத்துக் குடுக்கணும். செத்திருந்தா தெய்வத்திருன்னு போடணும். ரெண்டுக்கும் நடுவுல போடுறதுக்கு அச்சாபீசுல ஒரு வார்த்தையும் இல்ல, தாயி. காணாமப்போன மலைச்சாமி மகள்னு போட்டா எவன் தாலி கட்டுவான்?

—எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.

—உங்களுக்கும்தான பத்திரிகை வச்சேன். உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறி வந்து கையிலயே குடுத்தேன்ல.

—குடுத்தீங்க. தேதியை மட்டும் பார்த்துட்டு டிராயர்ல போட்டுட்டேன். ஆண்டவரே, அன்னைக்கே அந்த முதல் வரியைப் பார்த்திருக்கணும்.

—உங்களை நான் குத்தம் சொல்லல.

—கேளுங்கக்கா. இன்னும் பத்து நாளுதான் இருக்கு. அரசாங்கம் ஒரு பதில் குடுத்தா, அதை மறுக்க நமக்கு ஆறு மாசம் தர்றாங்க. மறுக்கலேன்னா விஷயம் தெளிவாயிருச்சுன்னு கோப்பை மூடிருவாங்க. கடிதம் நான் காலி பண்ணின பழைய ஆபீஸ் விலாசத்துக்குப் போய், மாடிப்படிக்கு அடியில அஞ்சு மாசமாக் கெடந்திருக்கு. விலாசம் மாறினதை நான்தான் எழுதிப் போடல.

—மூடுனா என்ன ஆகும்?

—அதுக்கப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க.

—இப்ப மட்டும் யாரு கேட்டா?

—அவங்க கேட்டாங்கக்கா. இங்க நாம ஆட்கொணர்வு மனு போட்டோம். அப்படி ஒருத்தரை நாங்க கூட்டிட்டே வரலைன்னு போலீஸ்ல ஒரே வரியில முடிச்சுட்டாங்க. மனு தள்ளுபடி. நீங்களும் நானும் எத்தனை ஸ்டேஷன் ஏறி எறங்கினோம்? எந்த ஸ்டேஷன் வண்டின்னுகூட நமக்குத் தெரியல.

—வெள்ளை வண்டி. நம்பரு இல்ல. எஸ்டேட்டுல ஏலக்காய் மூட்டை களவு போச்சு, ஜீப்பு ஓட்டுறவுகளை எல்லாம் விசாரிக்கணும்னாக. சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. கையக் கழுவிட்டு வாறேன்னாரு. அதுக்குக்கூட விடல.

—தெரியும். மனுவுல நான்தானே எழுதினேன்.

—எழுதினீக. நாஞ் சொல்லச் சொல்ல நீங்களும் அழுதீக. சரி, அந்த ஜெனீவாக்காரக இங்க உள்ள ஆளுகளைக் கூப்பிட்டு வச்சு விசாரிக்க மாட்டாகளா? பெரிய கோர்ட்டுன்னீகளே.

—கோர்ட்டுன்னு நான் சொல்லல, நீங்களா அப்படி வச்சுக்கிட்டீங்க. மனுசனோட உரிமைக்குன்னு அங்க ஒரு பெரிய குழு இருக்கு. ஆனா தனி ஆளு அங்க போய் முறையிடலாம்னு ஒரு ஒப்பந்தம் உண்டு, அதுல நம்ம நாடு கையெழுத்துப் போடல. அதனால அந்தக் கதவு நமக்குக் கெடையாது. இது வேற குழு, காணாமப் போனவங்களுக்குன்னே உள்ளது. இது யாரு எழுதினாலும் வாங்கும். இந்த மனுசன் எங்கேன்னு அரசாங்கத்தைக் கேக்கும். யாரையும் பிடிக்காது, ஜெயில்ல போடாது. கேட்டுக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான்.

—எங்கேன்னு மட்டுந்தேன் கேக்குமா?

—எங்கே, என்ன ஆச்சு. அதுதான் கேள்வி.

—எனக்கும் அது ஒண்ணுதேன் தெரியணும்னு இருந்துச்சு.

—இன்னும் இருக்கணும்க்கா. அதுக்குத்தான் மத்தியானச் சோறுகூடத் தின்னாம ஓடி வந்திருக்கேன். சந்தனம்மாக்கா, ஒரு நிமிசம் கொத்தைக் கீழ வைங்க. இந்தத் தாள்ல எல்லாம் எழுதியிருக்கேன். பத்திரிகையில போட்டது ஊர் வழக்கம், என் வீட்டுக்காரர் என்ன ஆனாருன்னு எனக்குத் தெரியாது, இதுவரைக்கும் யாரும் எனக்கு எதுவும் சொல்லலைன்னு. நீங்க கைநாட்டு வச்சா இன்னைக்கே அனுப்பிருவேன். மை டப்பாகூடக் கொண்டாந்திருக்கேன்.

—கையெல்லாம் திராட்சைப் பிசுக்கு.

—தொடச்சுக்கலாம். முந்தானையை விடுங்க, இந்தாங்க என் கைக்குட்டை. ஏங்க்கா, இது என்ன? கழுத்து வெறுமையா இருக்கு?

—தாலியக் கழட்டிட்டேன்.

—எப்ப?

—புரட்டாசியில.

—கல்யாணம் வைகாசியிலயே முடிஞ்சுருச்சே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவ்வளவு பேசியும், தாலியோடதான் நான் நிப்பேன்னு மண்டபத்துல நின்னீங்க. நான் பார்த்தேனே.

—அப்பப் போட்டிருந்தேன்.

—யாரும் ஏதாச்சும் சொன்னாங்களா? அந்த மாப்பிள்ளையோட பெரியப்பா போலீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர்தானே. அவரா? பத்திரிகையையும் அவர்தான் கொண்டுபோய்க் குடுத்திருப்பாரு. எனக்கு அப்பவே தோணுச்சு.

—அவுக மேல பழி போடாதீக. அவுக நல்ல மனுசக.

—பின்ன யாரு குடுத்தா?

—நாந்தேன் குடுத்தேன்.

—என்னக்கா சொல்றீங்க?

—புரட்டாசியில ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாக. மப்டியில.

—மிரட்டினாங்களா?

—மிரட்டியிருந்தா உங்களுக்குப் போன் போட்டிருப்பேன். ஏழு வருசமா என்னைய வாசல்ல நாய வெரட்டுற மாதிரி வெரட்டுனவுக, அன்னைக்கு வாங்க போங்கன்னு பேசுனாக. தண்ணி வாங்கிக் குடிச்சாக. ஜெனீவாக்காரக கேட்ட கடுதாசி டெல்லி, மெட்ராசு எல்லாம் சுத்தி அவுக மேசைக்கே வந்துருச்சாம். மேல இருந்து பதில் குடு, பதில் குடுன்னு நெருக்குறாகளாம். செத்துட்டாருன்னு ஒரு தாள்ல கைநாட்டு கேட்டாக. வச்சேன். அத்தாட்சி ஏதாச்சும் இருக்கான்னாக. மிச்சம் இருந்த பத்திரிகையில ஒண்ண எடுத்துக் குடுத்தேன்.

—என்ன தர்றேன்னாங்க? மருமகனுக்கு வேலையா?

—என்னையப் பாத்து அப்படிக் கேக்காதீக, ஜெபராணியம்மா.

—கேக்காம என்ன செய்ய? எத்தனை வருசம் இந்தக் கோப்பைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். உள்ளூர்ல ஒருத்தன் வாயத் தொறக்கல. ஒலகத்துல நமக்காக ஒரு கேள்வி கேட்டது அந்தக் குழு ஒண்ணுதான். அதோட வாயையும் உங்க கையாலயே அடைச்சுட்டீங்களே. எனக்கு ஆத்திரமா வருது, அழுகையும் வருது. எதுக்குக்கா வச்சீங்க?

—வச்சா, அவரு எங்கன கெடக்காருன்னு சொல்றோம்னாக, வக்கீலம்மா. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு முத்துலட்சுமி வயித்துப் பிள்ளை மேல சத்தியம் வாங்கிக்கிட்டு, மறுநா வண்டியில கூட்டிட்டுப் போயி, பொதைச்ச எடத்தக் காட்டிட்டாக.