அப்பாவின் போனில் வராத படங்கள்

போன் முகப்பில் வைக்கிற விட்ஜெட் லோடாகவில்லை என்று யார் சொன்னாலும், பேட்டரி சேவர் போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பத்தில் ஏழு பேருக்கு அதை அணைத்தாலே சரியாகிவிடும். ஒரு செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் நாலு வருடமாக இருக்கிறேன். கத்திக்கொண்டு கூப்பிடுகிறவர்கள்கூட என்னிடம் நன்றி சொல்லித்தான் வைப்பார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. வலப்பக்கம் எது வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் நான்தான். குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அண்ணன் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் இருக்கிறான். அங்கிருந்து பேச வசதியில்லை. தினம் ஒரு படம் அனுப்புவான். ஆப்பைத் திறந்து தேட அப்பாவுக்குத் தெரியாது. அதனால் அந்தப் படம் முகப்புத் திரையிலேயே வந்து நிற்கும்படி விட்ஜெட் வைத்துக்கொடுத்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் ஊட்டும்போது அவர் என் தோளுக்கு மேலாகப் போனைத்தான் பார்ப்பார். "பெரியவன் இளைச்சுட்டான்ல?" என்பார். அந்த வருடம் நான் ஒன்பது கிலோ குறைந்திருந்தேன்.

ஒருநாள் ஏதோ அப்டேட் ஆனபின், படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் வந்தது. 'லோடு செய்ய முடியவில்லை.' போனை என்னிடம் நீட்டி, "நீ பாத்தா சரியாயிடும்மா" என்றார். நான் அதை நோண்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

இரண்டு நிமிட வேலை. சரிசெய்தும்விட்டேன். திருப்பிக் கொடுக்கும் முன், அந்த ஆப் தானாகப் படத்தை இழுக்கத் தேவையான பேக்ரவுண்ட் டேட்டாவை நிறுத்திவைத்தேன். கட்டம் திரும்பவும் சாம்பலானது. ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன்.

பதினோரு வாரம் ஆகிவிட்டது.

தினமும் அவர் கண்ணெதிரே முயற்சி செய்தேன். விட்ஜெட்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பேன், போனை அணைத்துப் போடுவேன். "இன்னிக்கும் வரலப்பா" என்பேன். அண்ணனுக்கு, 'பாத்தாரு, சிரிச்சாரு' என்று பதில் போடுவேன். நாலாவது வாரம், "அவன் அனுப்பினாத்தானேப்பா வரும்" என்று சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது. திருத்திச் சொல்லச் சமயம் வாய்க்கவில்லை.

அதற்கப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார். ஜன்னலோரம் போய்ப் போனை உயர்த்திப் பிடிப்பார். கட்டைவிரல் நகத்தால் போன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஹெட்செட்டையும் மீறி அந்தச் சத்தம் என் காதில் விழும். தூங்கும்போதும் விரல் போர்வையைத் தட்டும்.

அன்று காலை ஒரு பெண் இதே புகாரோடு கூப்பிட்டாள். "செட்டிங்ஸ் போங்க மேடம், பேக்ரவுண்ட் டேட்டாவ ஆன் பண்ணுங்க" என்றேன். நாலு நிமிடத்தில் அவளுக்கு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்.

"அதையே எனக்கும் பண்ணேம்மா."

"உங்க போன் வேற மாதிரிப்பா."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிம்மா. ரோட்டுக்கு எதிர்ல இருக்கற போன் கடையில காட்டிட்டு வந்துடறேன்."

"ஷிப்ட் முடியட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்."

அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. அழைப்புக்கு நடுவே எழுந்து போனால் எங்கள் வேலையில் அது பெரிய தவறு. பேசிக்கொண்டே ஜன்னலுக்கு மட்டும் வந்தேன்.

சாலையோரம் நின்றிருந்தார். கடைக்காரன் கையில் கொடுத்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். யாரோ வேண்டுமென்றே நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று சொல்லியும்விடுவான். பதினோரு வாரப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கொட்டும்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அவர் போனுக்கு ஓர் அழைப்பு போயிருக்கிறது என்கிறீர்கள். ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

ஓரத்தில் நின்றபோதே ஏன் கூப்பிடவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அவர் நடுச்சாலைக்கு வரும்வரை காத்திருந்தேன். இடது கையால் பையிலிருந்து போனை எடுக்க வேண்டுமென்றால் அவர் நின்றுதான் ஆக வேண்டும், நடந்துகொண்டே எடுக்க வராது. லாரி வலப்பக்கமிருந்து வந்தது. எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாது என்பதும் தெரிந்தது. அதற்கப்புறம்தான் கூப்பிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவர் வருத்தத்தோடு போனார் என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். நின்றார், போனை எடுத்தார், என் பெயரைப் பார்த்தார், சிரித்தார். இரண்டாம் மாடியிலிருந்து முகம் அவ்வளவு தெரியாதே என்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்தது.