இரண்டு கீறல் போட்ட கத்தி

எழுதத்தான் போகிறோம், மேஸ்திரி. நேற்றுகூட நீங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். "எத்தன வருசம் வேல பாத்தேன்னு போடுங்க, நல்லா இருக்கணும்னு முடிங்க. அந்த வடமதுரைக் கதைய எதுக்கு இழுக்குறீங்க?" என்று டீ கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். ஆனால் அந்தக் கதை இல்லாத வழியனுப்பு மடலில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சாணைக்காரர் சோலைமலை அண்ணன் ஒற்றைக் காலில் நிற்கிறார். அவர் கை படாமல் இந்தப் பட்டறையிலிருந்து இதுவரை எது வெளியே போயிருக்கிறது? ஆகவே முறைப்படி உங்களை விளித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

திண்டுக்கல் பேகம்பூர்ப் பட்டறையின் பெருமையே! உலைக்கு உயிரும் உருக்குக்கு உருவமும் தந்த உழைப்பாளரே! தோல் கிடங்குகளுக்குச் சதை சீவும் கத்தியும், சுருட்டுக் கடைகளுக்குப் புகையிலை நறுக்கும் கத்தியும், ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகளுக்குக் கவாத்துக் கத்தியும் அடித்துக் கொடுத்த அதே கைகளால், கொட்டகை நிறைய உட்கார்ந்திருப்பவர்களை நடுங்க வைத்துவிட்டு ஒருவர் தோலிலும் கீறல் போடாத கத்திகளைச் சென்னைப் படக் கம்பெனிகளுக்குச் செய்து தந்த செம்மலே! எங்கள் அப்துல் வாஹித் மேஸ்திரி அவர்களே!

1935இல் துருத்தி ஊதவந்து, 1966இல் தலைமை மேஸ்திரியாக விடைபெறுகிறீர்கள். முப்பத்தோரு வருடம். அதில் நீங்கள் லீவு போட்ட நாட்களை எண்ணிப் பார்த்தோம், ஹஜ்ஜுக்குப் போன மாதங்களைத் தள்ளிவிட்டால் ஒரு கை விரல்களே மிச்சம் இருக்கின்றன. இதையெல்லாம் எல்லா மடலிலும் எழுதலாம். படக் கத்தியை உங்கள் மடலில் மட்டும்தான் எழுத முடியும்.

முதல் படக் கம்பெனி இங்கே வந்தபோது ஊர் சிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். "அட்டைக் கத்தி மேஸ்திரி" என்று தோல் கிடங்கில் பெயர் வைத்தார்கள். வெட்டாத கத்திக்கு எதற்கு நல்ல உருக்கு, மரத்தில் சீவி வெள்ளிப் பூச்சு அடித்துக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டார்கள். நீங்கள் ஒரு மரக் கத்தியையும் ஒரு உருக்குக் கத்தியையும் கேட்டவர் கையிலேயே கொடுத்து, ஓங்கிக் காட்டச் சொன்னீர்கள். மரக் கத்தியை ஓங்கும்போது மணிக்கட்டு பொய் சொன்னது. உருக்கை ஓங்கும்போது தோள்பட்டை தானாக இறங்கியது. இரண்டு கத்தி மோதினால் எழுகிற சத்தமும் அப்படித்தான். நடிகரின் முகம் நடிக்கலாம், கை நடிக்காது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்போது வாய்விட்டுச் சிரித்தவர்களில் சோலைமலை அண்ணனும் ஒருவர். இதையும் எழுதச் சொன்னவர் அவரேதான்.

1958ஆம் வருடம், மாசி மாதம். சிங்கமுகப் பித்தளைப் பிடி வைத்து மூன்று கத்திகள் கேட்டிருந்தார்கள். பார்வைக்கு மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். முதல் கத்தி நிஜமாகவே கயிறு அறுக்கவேண்டும். இரண்டாவது சண்டைக்கும், கழுத்தில் வைத்து இழுப்பதற்கும். அதற்குக் கூரே இருக்கக்கூடாது. மூன்றாவது குத்தினால் பிடிக்குள் போய்விட்டுத் திரும்பி வரவேண்டும். திண்டுக்கல்காரருக்குப் பூட்டு ஸ்பிரிங்கைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? அதை இரண்டே நாளில் முடித்தீர்கள். பிறகு பிடியின் அடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரிக் கீறல் போட்டீர்கள். சாமான் பொறுப்பாளர் அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எது எது என்று தெரியும். இரண்டு கீறல் என்றால் மொட்டை. அந்த நம்பிக்கையில்தான் எல்லாம் இருந்தது.

கத்திகளைச் செய்து கீறல் போட்ட நாலு நாளும் சோலைமலை அண்ணன் பட்டறையில் இல்லை. தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஆயக்குடி போயிருந்தார். திரும்பி வந்த காலையில் நீங்கள் தோல் கிடங்கில் அளவெடுக்கப் போயிருந்தீர்கள். மேசை மேல் படக் கத்திப் பெட்டி திறந்து கிடந்தது. முதல் கத்தியை எடுத்துப் புகையிலைத் தாளில் வைத்து இழுத்துப் பார்த்தார், தாள் அசையாமல் இரண்டானது. இரண்டாவதை வைத்து இழுத்தார், தாள் கசங்கிக்கொண்டு கூடவே வந்தது.

முதல் கத்திக்குக் கூர் இருந்ததால், படக் கம்பெனி இந்த முறை கூரான கத்திகளைத்தான் கேட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார். அவருக்கு ரத்தம் கொதித்தது. நாலு நாள் இல்லை என்றதும் இப்படியா? சாணை ஏறாத கத்தி இந்த வாசலைத் தாண்டினால் அது யாருக்கு அவமானம்? நமக்கென்ன என்று விட்டுவிடுகிற ஆளாக இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சக்கரத்தைச் சுற்றவிட்டு, கல்லில் தீட்டி, தோல் வாரில் தேய்த்து, தன் முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் கத்தியைப் பெட்டியில் வைத்தார். மூன்றாவது தனி உறையில் இருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. பத்து மணிக்கு அருளப்பன் வேனில் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். வடமதுரைப் பக்கம் ஒரு வறண்ட குளத்தில் அன்றைக்கே ஷூட்டிங்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் கொஞ்சம் பெருமையாகவே ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, நான் மட்டும் இன்னைக்கு வரலேன்னா நம்ம பேரு நாறியிருக்கும். ரெண்டாவது கத்தி மொட்டையாவே கெளம்ப இருந்துச்சு. நாந்தான் பாத்து ஏத்திவிட்டேன்."

நீங்கள் வாயருகே கொண்டுபோன சோற்றை இலையிலேயே வைத்தீர்கள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்தீர்கள். நாங்கள் கீறல் விஷயத்தைச் சொல்லி, ஏன் என்று அண்ணனுக்குப் புரிந்தபோது நீங்கள் தெருவின் முனையில் இருந்தீர்கள். தீட்டுக்கல்லையும் உப்புத்தாளையும் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. பதப்படுத்திய தோலை ஏற்றிக்கொண்டு திருச்சி போகிற லாரியைக் கைகாட்டி நிறுத்தி, தோல் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்தீர்கள்.

திட்டிவிட்டால் பரவாயில்லை என்று அண்ணனுக்கு இருந்தது. கடைசியில் நீங்கள் இவ்வளவுதான் கேட்டீர்கள்.

"எம்புட்டுக் கூரு?"

"புகையிலை நறுக்குற கூரு, மேஸ்திரி."

"நல்லா ஏறிருச்சா?"

அண்ணனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இம்புட்டு நல்லா எந்தக் கத்திக்கும் ஏறுனதில்ல" என்றார்.

"அதான் அப்பு ஆபத்து" என்றீர்கள்.

குளத்துக் கரையில் சுற்றுப்பட்டு ஊரே நின்றுகொண்டிருந்தது. கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். உள்ளே சண்டைக் காட்சிக்கு வந்த சண்டைக்காரர் ஸ்தனிஸ்லாஸ் மண்டியிட்டிருந்தார். கொள்ளைக்காரன் வேடம் போட்டவர் அவர் முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். அதுவரை மூங்கில் குச்சியை வைத்துத்தான் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அப்போதுதான் அருளப்பன் பிடியின் அடியைத் தடவி, இரண்டு கீறல் சரியாக இருக்கிறது என்று பார்த்துக் கத்தியைக் கொடுத்துவிட்டு விலகினார். கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. கத்தி கழுத்துக்குப் போனது.

தடுத்துப் பிடித்தவர்களின் கைகளை உதறிவிட்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து, தொப்பியும் சாம்பல் படிந்த சட்டையுமாக நீங்கள் கேமராவுக்கு எதிரே நடந்து போனீர்கள். ஓடினால் கத்தி வைத்திருப்பவர் திடுக்கிட்டுவிடுவார் என்றுதான் நடந்தீர்களாம். போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

டைரக்டர் போட்ட சத்தத்தை இங்கே எழுதினால் மடலைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது. வீணான பிலிமைச் சொன்னார், இறங்குகிற வெயிலைச் சொன்னார், உங்கள் சட்டையைக்கூடச் சொன்னார். நீங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கத்தியின் மேல் போட்டீர்கள். இழுக்கவில்லை, போட்டீர்கள், அவ்வளவுதான். துண்டு இரண்டாகிக் கீழே விழுந்தது. ஸ்தனிஸ்லாஸ் தன் கழுத்தை மெதுவாகத் தடவிக்கொண்டார்.

யார் செய்த வேலை இது என்று டைரக்டர் கேட்டார். சோலைமலை அண்ணன் முன்னால் வந்து வாயைத் திறந்தார்.

"அப்பு, கல்லுக்குத் தண்ணி வேணும். கிணத்துல போயி மொண்டாந்துரு" என்று அவரிடம் சொல்லிவிட்டு டைரக்டர் பக்கம் திரும்பினீர்கள். "எனக்குத் தெரியாம என் பட்டறையில கூர் ஏறாதுங்க. தப்பு என்னுது."

அண்ணன் தண்ணீர் மொண்டு வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. கருவேல மரத்தடியில் உட்கார்ந்து கத்தியைக் கல்லில் நேர்குத்தாக நிறுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். கூர் ஏற்றுவது ஒரு வேலை என்றால், அதை மழுக்குவது இரண்டு வேலை. கூர் போகவேண்டும், ஆனால் ஓரத்தின் பளபளப்பு போகக்கூடாது. கேமரா பார்ப்பது அந்த ஒரு வெள்ளிக் கோட்டைத்தான். உப்புத்தாளால் உருட்டி, எண்ணெய் தொட்டுத் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, மறுபடி உருட்டினீர்கள். ஒரு கம்பெனியே நின்றுகொண்டு உங்கள் விரலைப் பார்த்தது. வாழ்க்கையில் தான் ஏற்றிய மிகச் சிறந்த கூர், துளித்துளியாகத் தண்ணீரில் கரைந்துபோவதைச் சோலைமலை அண்ணனும் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தார்.

முடித்ததும் பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை உங்கள் முன்கையில் அழுத்தி ஒரு முறை இழுத்தீர்கள். பிறகு யாரும் தடுப்பதற்குள் உங்கள் கழுத்திலேயே வைத்து இழுத்தீர்கள். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது, செத்த நேரத்தில் அதுவும் மறைந்தது. ஸ்தனிஸ்லாஸ் உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போய் மண்டியிட்டுக் கழுத்தைப் பின்னால் சாய்த்தார். அந்தக் காட்சி ஒரே டேக்கில் முடிந்தது.

அட்டைக் கத்திக்கு என்ன மதிப்பு என்று கேட்ட ஊருக்கு இதுதான் எங்கள் பதில். பெற்றவரே கத்தி வைத்தாலும் எந்த மனிதன் கழுத்தைக் கொடுப்பான்? முன்பின் அறியாத சண்டைக்காரர் ஒருவர் கொடுத்தார், திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு கை தன் மேலேயே அதை முதலில் இழுத்துக் காட்டியதால்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அண்ணன் கேட்டார். "ஏன் மேஸ்திரி என்னைச் சொல்லவிடல?"

"சொல்லியிருந்தா அந்தாளு உன் கூரத் திட்டியிருப்பாரு" என்றீர்கள். "கூரு நல்ல கூரு. கேக்காமப் போட்டதுதான் தப்பு."

படம் ஊருக்கு வந்தபோது பட்டறையே டூரிங் டாக்கீசுக்குப் போனோம். கத்தி கழுத்துக்கு வந்த இடத்தில் பெண்கள் பக்கத்தில் அலறல். நீங்கள் ஓரத்துப் பளபளப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

வடமதுரையிலிருந்து திரும்பிய மறுநாளே இந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் வந்தது. எந்தக் கத்தி கைக்கு வந்தாலும், அரிவாள்மனையே ஆனாலும், சக்கரத்தைச் சுற்றுமுன் சோலைமலை அண்ணன் உங்களைக் கேட்பார். தோல் சீவும் கத்திக்குச் சாணை உண்டா என்று கேட்கிற ஒரே ஊர் உலகத்திலேயே இதுதான் என்று நாங்கள் கிண்டல் செய்யாத நாள் இல்லை. அவரும் கேட்காமல் விட்டதில்லை, நீங்களும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. எட்டு வருடம்.

எங்கள் ஏந்தலே! நீங்கள் அடித்த உருக்கைப் போல உடம்பு உறுதியாகவும், நீங்கள் உருட்டிய ஓரத்தைப் போல நாட்கள் உறுத்தாமலும், பேரன் பேத்திகளோடு நெடுங்காலம் வாழ இறைவனை இறைஞ்சுகிறோம். பட்டறையின் பதினேழு பேரில் பதினாறு பேர் இதன் அடியில் கையெழுத்து வைத்தாயிற்று. மீதி ஒரு இடம் காலியாக இருப்பது பார்த்தாலே தெரியும்.

கொஞ்சம் நிமிர்ந்து வாசல் பக்கம் பாருங்கள். சாணைச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறோம். உங்களுக்காக நாங்கள் பதினேழு பேரும் சேர்ந்து அடித்த கத்தியை, சிங்கமுகப் பிடி போட்டு, அடியில் கீறலே போடாமல், சோலைமலை அண்ணன் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் பதில் சொன்ன பிறகுதான் ஒன்றோ இரண்டோ கீறலும் விழும், அவர் கையெழுத்தும் விழும். வீட்டில் காய் நறுக்கவா, பேரப்பிள்ளைகள் சண்டை போட்டு விளையாடவா என்று எங்களுக்குள் காலையிலிருந்து ஒரே வாக்குவாதம். அவர் கடைசியாக ஒரு தடவை உங்களைக் கேட்கிறார், நாங்களும் அவரோடு சேர்ந்து கேட்கிறோம்: "இதுக்குச் சாணை உண்டா, மேஸ்திரி?"