அம்மாவின் சேலைக்குப் பச்சை

தாமுவேயில் பஸ் ஏறிய அக்காவும் தம்பியும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. அக்காவின் மடியில் ஒரு பெண்ணின் பழைய கறுப்புவெள்ளைப் போட்டோ இருந்தது.

“கலரு தெரியாமலே ஐரோப்பா பூரா படம் வரைஞ்சிருக்காங்கக்கா,” என்றார் தம்பி.

“யாரு சொன்னா?”

“இந்தப் போட்டோவப் பாத்துப் பெருசா வரையப்போற ஓவிய வாத்தியாரு, அந்தச் சயாதான். ஐநூறு வருஷத்துக்கு முன்னால இத்தாலியில, ஆளு நேர்ல நிக்கிற மாதிரி புதுசா வரைஞ்சாங்களாம். அந்தப் படமெல்லாம் மத்த நாட்டுக்குக் கறுப்பு மையில அச்சடிச்ச தாளாத்தான் போச்சாம். அங்க உள்ளவங்க அதப் பாத்தே கத்துக்கிட்டு, கலர மட்டும் அவங்களா நெனச்சுப் போட்டாங்களாம்.”

“அதுக்கென்ன இப்ப?”

“அம்மா சேலை என்ன கலருன்னு கேட்டாரு. பச்சைன்னுட்டேன். நீதானே சொல்லியிருக்க.”

அக்கா முந்தானையால் போட்டோவைத் துடைத்தார். பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது.

“எனக்கும் ஞாபகமில்லடா. அம்மா போனப்ப எனக்கே ஆறு வயசு. நீ பேச ஆரம்பிச்சதுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்த. ஒருநாள் நான் போட்டிருந்த பச்சைக் கவுனப் பாத்து, அதையே சொல்லிட்டேன்.”

லத்தா நிறுத்தம் வந்ததும் தம்பி எழுந்து அக்காவுக்குக் கை கொடுத்தார்.

“தெரியும்க்கா. அந்தக் கவுன் நுனியப் பிடிச்சுக்கிட்டுத்தானே தூங்குவேன். பச்சையே போடட்டும்.”