இதோ வந்துட்டேன்

க்ரீம் அடிக்கும்போது பதறக் கூடாது. கொஞ்சம் அவசரப்பட்டாலும் திரிந்துபோய்விடும். கேக் கடை நடத்துகிறவளுக்கு நிதானம் கூடவே பிறந்திருக்க வேண்டும். எனக்குப் பிறந்திருக்கிறது. அன்றைக்கு மட்டும் எப்படி அவ்வளவு அமைதியாக இருந்தாய் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் என்றைக்குமே அப்படித்தான்.

என் கணவர் நேர் எதிர். பால் பொங்கினாலே வீடு பற்றிக்கொண்டதுபோல் தாம்தூம் என்று குதிப்பார். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல ஓட்டம். அவர் ஓடினால் வீடே கூட ஓட வேண்டும். சாவியைக் காணோம் என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார், சாவி அவர் கையிலேயே இருக்கும். மற்றபடி நல்ல மனிதர். இறந்துபோனவர் என்பதற்காகச் சொல்லவில்லை.

அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. இரண்டு பெரிய கேக்குகள் போய்ச் சேர வேண்டும், மகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்க்க வேண்டும், மதியம் பல் டாக்டர். போதாக்குறைக்கு விடிந்ததும் கேக் சுடுகிற அடுப்பு மக்கர் பண்ணியது. பழுது பார்க்க வந்தவர் நடமாட இடமில்லாமல் ஐஸ் ரூம் வாசலில் ஒரு மாவு டின் இருந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டேன்.

கேக்குகளை உறைய வைக்கிற அறையைத்தான் ஐஸ் ரூம் என்போம். அதன் உள்பக்கக் கைப்பிடி கழன்று விழுந்து, இன்னும் சரி பண்ணவில்லை. யாராவது உள்ளே போனால் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க அந்த டின்னைத்தான் முட்டுக்கொடுப்போம். நான் தள்ளியபோது என் கணவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. இதை நீங்கள் தாராளமாக நம்பலாம். அடுப்புக்காரர் போன பிறகு, கதவு தட்டப்படும் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

"இதோ வந்துட்டேன்" என்றேன்.

நம் ஆட்கள் இதை எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா. தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே 'வந்துட்டேன்' என்போம். கிளம்பியே இருக்கமாட்டோம், ஆனால் வந்தாகிவிட்டது. என் கையில் க்ரீம் பை, கேக்கின் மேல் பாதிப் பூ. பூவை முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். முடிப்பதற்குள் முன்கடைக்குத் தமிழ் வாத்தியார் வந்துவிட்டார், பேத்தியின் பிறந்தநாள் கேக்கை வாங்கிப்போக.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "வாழ்த்துக்கள்னு போட்டிருக்கியேம்மா. நடுவுல 'க்' எதுக்கு? வாழ்த்தோட கள்ளையும் சேத்து விக்கிறியா?"

வேறு யாராவது என்றால் எரிந்து விழுந்திருப்பார்கள். நான் கத்தியை எடுத்து அந்த 'க்'கைப் பக்குவமாக வழித்தெடுத்து, காலியான இடத்தில் குட்டிப் பூ ஒன்று வைத்துக் கொடுத்தேன். "உன் பொறுமைக்கு நீ நல்லா இருப்பே" என்று வாழ்த்திவிட்டுப் போனார். பின்னால் தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அது கனமான கதவு.

அடுத்த கேக்குக்கு நேரமாகிவிட்டது. கடையைப் பூட்டி வேனில் ஏறினேன். பாதி வழியில் போன் அடித்தது. அவர்தான்.

"எங்க இருக்கே? கதவு சாத்திக்கிச்சு, கையெல்லாம் மரத்துப்போச்சு."

"வந்துட்டேங்க, தெருமுனைக்கு வந்துட்டேன்."

"தம்பியக் கூப்பிட்டுடவா?"

"அவர எதுக்குங்க தொந்தரவு பண்ணிக்கிட்டு? அதான் நான் வந்துட்டேனே."

கொழுந்தனாரின் பட்டறை அடுத்த தெருவில்தான். கடைச் சாவி ஒன்று அவரிடமும் உண்டு. ஒரு போன் போட்டிருந்தால், குடிக்கிற டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து திறந்திருப்பார். என் கணவர் போடவில்லை. என் வார்த்தையை அவ்வளவு நம்பினார். உண்மையைச் சொன்னால், அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வேகத்தடையில் வேன் குதித்து, கேக்கின் மேல்தட்டு ஒருபக்கம் சரிந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி நிமிர்த்தி, க்ரீமைத் தடவிச் சமன் செய்தேன். பக்கத்தில் நின்று 'போச்சு, எல்லாம் போச்சு' என்று தலையில் அடித்துக்கொள்ள ஆளில்லை. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், மகள் பாடத்தைச் சரியாகக் கவனிப்பதில்லை என்றார். "வீட்டுல ஏதாவது டென்ஷனா?"

"இன்னைக்கு இல்லைங்க டீச்சர்" என்றேன்.

அங்கேயும் என் கணவர் ஒருமுறை போனில் கூப்பிட்டார். சாக்கைப் போர்த்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார், பற்கள் கிட்டித்ததில் பாதி புரியவில்லை. வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறேன் என்றேன். பல் டாக்டரிடம் இருந்தபோது வந்த அழைப்பைத்தான் எடுக்க முடியவில்லை. வாயைத் திறந்து வைத்திருந்தேன். அதை மட்டும் என் தப்பாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

வேலை மும்முரத்தில் மறந்துபோயிருப்பாய் என்று நீங்களே எனக்கு ஒரு வழி காட்டினீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் நான் ஒரு நொடிகூட மறக்கவில்லை, ஐயா. தட்டும் சத்தம் கேட்டபோதே திறந்திருக்கலாம். வேனைத் திருப்பியிருக்கலாம். கொழுந்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திறந்தால் அவர் கத்திக்கொண்டே வெளியே வருவார், அவ்வளவுதான், மறுபடியும் ஓட்டம் ஆரம்பித்துவிடும்.

எல்லாம் முடித்துக் கடைக்குத் திரும்பினேன். டீ போட்டேன். ஐஸ் ரூம் கதவோரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது மறுபடியும் போன் அடித்தது.

"எங்கம்மா இருக்கே?" மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"வந்துட்டேங்க" என்றேன். கையை நீட்டினால் கதவின் கைப்பிடி.

"சரிம்மா. மெதுவாவே வா. ஒண்ணும் அவசரமில்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத பேச்சு அது. அவ்வளவு நிதானமாக இருந்தவரைத் தொந்தரவு செய்ய எனக்கு மனசு வரவில்லை.