பருத்திப்பட்டு ஏரியும் ஒரு தொப்பையும்

ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை, போட்டிக்குப் போன ஒரு புகைப்படத்தில் இருப்பது என் தொப்பைதான் என்று நம்பினேன். தினமும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சட்டையில்லாமல் உடற்பயிற்சி செய்பவன் நான்.

ரயிலில் எதிரே இரண்டு இளைஞர்கள். ஒருவன் மடியில் கேமரா பை.

“அந்தத் தொப்பை இல்லன்னா ஏரியே இல்ல மாமே!” என்றான் நண்பன்.

“வைட் ஆங்கிள் லென்ஸ் கீதே, ஏரி மொத்தத்தையும் அள்ளிடலாம்னு நெனச்சேன். தூரத்துலேர்ந்து எடுத்தா குட்டை மாதிரி வந்துச்சு,” என்றான் கேமராக்காரன்.

“அதான் கிட்டக்க ஒண்ணு பெருசா வேணும்னேன். நீ பக்கத்துல குந்திகினு எடுத்ததும் தொப்பை மலை மாதிரி நின்னுச்சு, பின்னாடி ஏரி விரிஞ்சிகினு போச்சு.”

“கொஞ்சம் அசந்திருந்தா ஒதை வாங்கியிருப்பேன். இன்னிக்கு போட்டி ரிசல்ட் வேற மச்சான்.”

மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளி, டிபன் பையால் மறைத்துக்கொண்டேன். முடிந்தால் தலையையும் அதற்குள் விட்டிருப்பேன்.

அம்பத்தூரில் கேமராக்காரனின் போன் அதிர்ந்தது.

“ஃபர்ஸ்ட் பிரைஸ் மாமே! நம்மள்துதான் ஃபர்ஸ்ட்!”

பெட்டியே கைதட்டியது. அவன் போனை உயர்த்தி எல்லோருக்கும் படத்தைக் காட்டினான்.

ஏரிக்கரையில் ஓர் எருமை நின்றுகொண்டிருந்தது.