பிரேக்குக்கும் ஸ்தோத்திரம்

— ...இந்தத் தண்ணிக்காக, ஃபேனுக்காக, சமைச்ச இவ கைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஆமென்.

— ஆமெனா?

— ஆமென்தான். சாப்பிடு.

— என்னங்க, நான் இன்னும் கண்ணையே சரியா மூடல. அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?

— சுருக்கமா ஜெபிச்சா ஆண்டவருக்குக் கேக்காதா?

— அவருக்குக் கேக்கும். எனக்குத்தான் பழக்கமில்ல. கல்யாணமானதுலேர்ந்து இந்த மேஜையில நான் சூடா ஒரு வாய் சாப்பிட்டதில்ல. நீங்க ஜெபிச்சு முடிக்கிறதுக்குள்ள வறுத்த மீன் ஐஸ்ல வச்ச மீனாயிடும்.

— அதான் இன்னைக்குச் சூடா சாப்பிடேன். எப்படி இருந்தாலும் ஒரு குறை சொல்லணும் உனக்கு.

— குறை இல்லங்க... ஃபேனுக்கு நன்றி சொன்னீங்க. சரி. தண்ணிக்குச் சொன்னீங்க. என் கைக்குச் சொன்னீங்க.

— உன் கைய விட்டா நாளைக்குச் சோறு கிடைக்குமா?

— பேச்சை மாத்தாதீங்க. பிரேக் எங்க?

— என்ன பிரேக்?

— "இன்னைக்கும் பிரேக் பிடிச்சதுக்கு ஸ்தோத்திரம், பஸ்ஸுல ஏறினவங்களைப் பத்திரமா இறக்கிவிட்டதுக்கு ஸ்தோத்திரம்." அது எங்க போச்சு?

— மறந்துட்டேன்.

— காய்ச்சல்ல படுத்துக் கிடந்தப்போகூட, வேற எவனோ ஓட்டின பஸ்ஸோட பிரேக்குக்கு ஸ்தோத்திரம் சொன்ன ஆளு நீங்க.

— பசி. பசியில மறந்துட்டேன். போதுமா?

— நேத்து?

— நேத்து என்ன...

— நேத்தும் இல்ல. இந்த வாரம் பூராவும் இல்ல. இப்ப வரும், இப்ப வரும்னு நானும் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— நீ ஜெபிக்கிறியா, இல்ல என்னை வேவு பாக்குறியா?

— ரெண்டும்தான். பொண்டாட்டிக்கு அதெல்லாம் முடியும். ...சோத்தைப் போட்டு அப்படிப் பிசையாதீங்க. என்னைப் பாருங்க, டிரைவர் சார்.

— அப்படிக் கூப்பிடாத.

— இத்தனை வருஷமா கூப்பிடுறேன், இன்னைக்கு என்ன புதுசா...

— இனிமே கூப்பிடாத. நான் இப்போ டிரைவர் இல்ல. போன வாரம் டெப்போவுல வச்ச அந்தக் கண்ணு டெஸ்ட்டு. நல்லபடியா முடிஞ்சுதுன்னு உன்கிட்ட சொன்னேனே... முடியல. சுவத்தைக் காட்டி, கடைசி வரியைப் படிங்கன்னாங்க. வரி எங்க இருக்குன்னு கேட்டேன். அதோட முடிஞ்சுது.

— கண்ணாடி போட்டா...

— கண்ணாடிக்கெல்லாம் அடங்காதாம். வீட்டுல நடமாட, உன் முகத்தைப் பாத்துச் சண்டை போட இந்தக் கண்ணு போதும். ஸ்டியரிங்குக்குப் போதாது. டெப்போவுலயே ஒரு வேலை குடுத்துட்டாங்க. பஸ் கழுவுறது.

— ம்.

— வெறும் "ம்"தானா? இதைச் சொல்ல முடியாம நான் செத்துப் பொழச்சுக்கிட்டிருக்கேன்.

— தினமும் யூனிஃபார்ம் தேய்ச்சுக் குடுத்தேனே. அதைப் போட்டுக்கிட்டுத்தானே போனீங்க?

— அங்க போய் மாத்திக்குவேன். ரப்பர் பூட்ஸ் குடுத்திருக்காங்க. சாயங்காலம் திரும்ப யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வருவேன்.

— அதான் காலர்ல அழுக்கே இல்ல. நான் வேற புது சோப்பு நல்லா இருக்குன்னு பக்கத்து வீட்டுலயெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்.

— கிண்டல் பண்ணாத. "எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறார்"னு எவ்வளவு பெருமையா சொல்லுவ. அதே வாயால "பஸ் கழுவுறார்"னு எப்படிச் சொல்லுவ?

— அதை நான் பாத்துக்குறேன். எனக்கு வேற சந்தேகம். இவ்வளவு தூரம் மறைச்சீங்க. ஜெபத்துலயும் வழக்கம்போல அந்தப் பிரேக்கைச் சேத்திருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதே.

— எப்படிச் சேக்குறது? ஓட்டாத பஸ்ஸுக்கு அவர்கிட்ட எப்படி நன்றி சொல்றது? உன்கிட்ட பொய் சொன்னா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவ, அப்புறம் சரியாயிடுவ. அவர் முன்னால கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து பொய் சொல்ல வாய் வரல. அதான் அந்த இடத்தை மட்டும் விட்டுட்டேன்.

— ஆக, அவருக்குப் பயந்து என்கிட்ட மாட்டிக்கிட்டீங்க.

— சிரி, சிரி.

— சிரிக்காம? இவ்வளவு மோசமா பொய் சொல்ற ஆளைக் கட்டிக்கிட்டா சிரிப்பு வராதா?

— அது போகட்டும்... இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் ரொம்ப வெக்கமா இருக்கு.

— சொல்லுங்க.

— டிரைவர் வேலை போனதுக்கு மனுஷன் அழணும், இல்லையா?

— அழுதீங்களா?

— முத நாள் அழுதேன். பஸ்ஸுக்குள்ளயே, கடைசி சீட்டுல உக்காந்து. அப்புறம் எழுந்து போய்ப் பைப்பைத் திறந்தேன். காலி பஸ்... ஜன்னல் கண்ணாடியில தண்ணி ஓடுது, அப்பத்தான் வெயில் உள்ள வருது. சீட்டு சீட்டா துடைச்சுக்கிட்டே போறேன். இதுல யாரோ உக்காரப் போறாங்க, அவங்க நல்லா இருக்கட்டும் ஆண்டவரேன்னு தோணுது. ஓட்டினப்போ நான் அவங்களை எங்க பாத்தேன்? ரோட்டைத்தானே பாத்தேன். அப்படியே துடைச்சுக்கிட்டு இருக்கும்போது... பாட ஆரம்பிச்சுட்டேன்.

— நீங்களா?

— நானேதான். கோயில்ல பாட்டுப் புஸ்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு வாயை மட்டும் அசைக்கிற ஆளேதான். சின்ன வயசுல பாடின கீர்த்தனை, ஒரு வரி விடாம வருது. காலி பஸ்ஸுக்குள்ள அது எப்படி ஒலிக்குது தெரியுமா? இது என் குரலான்னு எனக்கே சந்தேகம். இப்பெல்லாம் விடிஞ்சா போதும், எப்படா போவோம்னு இருக்கு. உண்மையைச் சொல்லிடுறேன்... எனக்குச் சந்தோஷமா இருக்கு. ஓட்டினப்போகூட இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்ல. உனக்கு இது எவ்வளவு பெரிய அடி. நான் என்னடான்னா அங்க பாடிக்கிட்டு நிக்கிறேன். இதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்ல? அட, ஏன் அழுற? இதுக்குத்தான் நான் சொல்லல.

— அதுக்கு அழலங்க.

— பின்ன?

— போன மாசம் ஒரு நாள், கடைக்குப் போயிட்டு ஸ்டாப்புல நின்னேன். உங்க பஸ் வந்துச்சு. கையைக் காட்டினேன். நேரா என் முகத்தைப் பாத்துக்கிட்டே போயிட்டீங்க.

— நானா? நீ சொல்லவே இல்லையே...

— என்னை மட்டும் இல்ல. ரோட்டுல காலை வச்ச ஒரு பெரியவரையும் நீங்க பாக்கல. அவரா காலைப் பின்னால இழுத்துக்கிட்டார். அன்னைக்குச் சாப்பிட உக்காந்தப்போ நீங்க பிரேக்குக்கு ஸ்தோத்திரம் சொன்னீங்க. எனக்கு ஆமென் வரல.

— ...என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— எப்படிச் சொல்ல? ஸ்டியரிங்கை விட்டா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு பயம். உங்ககிட்ட பேசத் தைரியம் இல்லாம ஆண்டவர்கிட்ட போனேன்.

— டெஸ்ட் அன்னைக்குக் காலையில முழங்கால்ல நின்னியே... எனக்காக ஜெபிக்கிறன்னு நினைச்சு எவ்வளவு தைரியமா கிளம்பிப் போனேன் தெரியுமா.

— உங்களுக்காகத்தான். நீங்க அந்த டெஸ்ட்டுல தேறவே கூடாதுன்னு கெஞ்சிக்கிட்டிருந்தேன். நீங்க வந்து நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னதும், ஒரு நாள் பூராவும் நான் அவர்கூடப் பேசல... ஆனா, உங்களைப் பாட வைங்கன்னு நான் கேக்கவே இல்லங்க. அது அவரா போட்ட கொசுறு.